என் பேருக்கு விட்ட சேவல்

முட்டுக் கொடுத்திருந்த கல்லை நகர்த்திவிட்டுக் கோழிக்கூண்டின் பலகையை எடுத்தேன். முதலில் மொட்டைக்கழுத்து வந்தது. அதன் பின்னால் கொண்டைச்சி, அப்புறம் சாம்பல் பெட்டை, அதற்கும் பின்னால் இன்னும் முட்டைக்கு வராத இளசுகள். ஒவ்வொன்றும் வெளியே வந்து உடம்பை உதறி, ஒரு பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுக் குப்பைமேட்டுப் பக்கம் நடந்தது.

சேவல் வரவில்லை.

குந்தி, தலையைக் கூண்டுக்குள் விட்டேன். எருவின் சூடும் இறகு வாடையும் முகத்தில் அடித்தன. உள்ளே இருட்டு. மூலையில் கறுப்பாக ஏதோ இருந்தது. அசையவில்லை.

என் கை தானாக என் கழுத்துக்குப் போனது. துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

ஒரு சேவல் கூண்டைவிட்டு வரத் தாமதித்தால் ஒரு பெண்பிள்ளை எதற்குத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு அது வந்தது. அவசரமே இல்லாமல், தாலுக்கா கச்சேரிக்குப் போகிற மணியக்காரர் மாதிரி, முதலில் கொண்டை, அப்புறம் மார்பு, அப்புறம் மஞ்சள் துணி கட்டிய கால். என்னை ஒரு கண்ணால் பார்த்தது. நான் மூச்சை விட்டேன்.

உசுருக்கு உசுரு

சென்ற வாரம் சொன்ன அதே கூரை வீடுதான். காவாந்தண்டலத்துக்குப் போகிற மண்பாதையில், ஏரிக்கரை இறங்குகிற இடத்தில் எங்கள் தெரு. தெருவில் ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சனங்கள். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டுவார். அம்மா களை எடுக்கப் போவாள். "நெலம் இல்லாதவனுக்குக் கோழிதான் காணி" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஐம்பதுகளின் பின்பாதி. உத்திரமேரூரிலிருந்து பஸ் வந்துவிட்டது, எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வருஷம்.

அதற்கு முந்தின வருஷத்து ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்து, காய்ச்சலில் வலிப்பும் வந்தது. கண் செருகிப் பல் கிட்டிப் போய்விட்டதாம். ஏரி நிரம்பிக் கலங்கல் புரண்டு, பாதை அறுந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. நைனா என் வாயில் கரண்டிக் காம்பைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா மழையில் ஓடிப் போய்ப் பொன்னியம்மன் கல்லின் முன்னால் விழுந்திருக்கிறாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்து வீட்டுத் தேசம்மா அத்தை கூடவே ஓடியிருக்கிறாள். அவள் வாயில் விழுந்த சேதி எத்தனையோ முறை பொரிந்து வரும்.

"ஒங்கம்மா இன்னா சொன்னா தெரியுமாடி? எம் பொண்ண எனுக்கே வுட்டுடு தாயே, எங் கோழி பொரிக்கிற மொத சேவல உனுக்கு வுடறேன், உசுருக்கு உசுரு அப்படின்னா. நான் கூட பக்கத்துல நின்னுக்கினு கீறேன். எனுக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சி."

விடிந்ததும் நான் எழுந்து கஞ்சி கேட்டேனாம்.

தை பிறந்ததும் அம்மா கோழியை அடை வைத்தாள். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் ஆற்றுமணல், அதன்மேல் வைக்கோல், வைக்கோலில் முட்டைகள். ஓரமாக ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், துருப்பிடித்த கதிர் அரிவாள் முனை. இரும்பு இருந்தால் இடிச்சத்தம் அதில் இறங்கிவிடும், முட்டைக்குள் இருக்கிற கரு கலங்காது என்பது கணக்கு. இதை நான் பிறகு பட்டணத்தில் ஒரு வீட்டில் சொன்னபோது சிரித்தார்கள். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் இடிதாங்கி நின்றுகொண்டிருந்தது.

குஞ்சுகளில் முதலில் கொண்டை சிவந்தது ஒரு கறுப்புக் குஞ்சுக்கு. அம்மா என் பழைய பாவாடையில் ஒரு நாடா கிழித்து, மஞ்சளில் நனைத்து, அதன் காலில் கட்டினாள். அது பெருக்கப் பெருக்க நாடாவை அவிழ்த்து இளக்கிக் கட்டுவாள். அன்றிலிருந்து அது சாமி சேவல். விற்கக் கூடாது. கல்லால் அடிக்கக் கூடாது. யார் வீட்டுக் காயப்போட்ட நெல்லைத் தின்றாலும் கையைத் தட்டி ஓட்டலாமே தவிர, திட்டக் கூடாது. யார் பேருக்கு விட்டதோ அவர்கள் கையால்தான் தினமும் ஒரு பிடியாவது போட வேண்டும். கண், கால், நகம், இறகு எதிலும் குறை வரக் கூடாது. குறை வந்தால் அது மூளி. மூளியைச் சாமி வாங்காது.

இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. தேசம்மா அத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கேட்கிற கேள்வியிலேயே எல்லாம் இருந்தது.

"இன்னாடி பூங்காவனம், இன்னிக்கி ஒன் உசுரு எங்க மேயுது?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். தெருவில் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒன் உசுரு எங்க வூட்டுக் கூரை மேல குந்திகினு கீது, வந்து எறக்கு." "ஒன் உசுரு எங்க கேழ்வரகத் துன்னுட்டுப் போச்சி." பெரியவர்கள் சொல்லிவிட்டு மறந்து போகிற சொல்லைப் பிள்ளைகள் எடுத்துத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். எனக்கு அந்தச் சொல் விளையாட்டாகவே தோன்றவில்லை. என் உயிர் எனக்குள் இல்லை, வெளியே இரண்டு காலில் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பருந்தும் கீரியும் நாயும் எதிரி என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

பங்குனி வானம்

மறு வருஷம் பொன்னியம்மனுக்கு வைக்கிற சித்திரைப் பொங்கலில் சேவலைச் செலுத்துவதாக ஏற்பாடு. அதுவரை அது பிழைத்துக் கிடக்க வேண்டும். சேவல் வளர்ந்து, மறு வருஷப் பங்குனியும் பிறந்தது.

பங்குனி மாதத்தில் கோழி வைத்திருக்கிறவர்களுக்குக் கண் இரண்டு போதாது. போர் அடித்த களத்தில் சிந்தின நெல்லைப் பொறுக்கித் தின்று கோழிகளெல்லாம் மினுமினுவென்று இருக்கும். புதுக் குஞ்சுகள் தாயின் காலடியில் பஞ்சு உருண்டையாக உருளும். வேப்பம்பூ வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கும். ஏரியில் தண்ணீர் வற்றிச் சேற்று வாடை வரும். எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் நாங்கள் கீழே பார்ப்பதில்லை. வானத்தைத்தான் பார்ப்போம். "பருந்து தூக்குறது பாதி, அது நெழலு தூக்குறது மீதி" என்பார் நைனா. நிழல் தரையில் ஓடினாலே தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுக்கும், கரகரவென்று, தொண்டைக்குள்ளிருந்து. அடுத்த நொடி வாசலில் ஒரு குஞ்சு இருக்காது. எல்லாம் இறக்கைக்கு அடியில். அந்தச் சத்தத்துக்கு நானும் கூரைக்குள் ஓடியிருக்கிறேன்.

சேவல் மட்டும் ஓடாது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வானத்தை ஒரு கண்ணால் முறைத்துக்கொண்டு நிற்கும். "வந்துடு, உள்ள வந்துடு" என்று நான் வாசலிலிருந்து கெஞ்சுவேன். அதன் துணிச்சல் எனக்குப் பிடிக்கவே இல்லை. என் உயிரை வைத்துக்கொண்டு அது எதற்குத் துணிச்சல் காட்ட வேண்டும்?

குழம்பு வாசனை

ஒரு மத்தியானம் மேலத் தெருப் பக்கமிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்தது. மசாலா அரைத்து, தேங்காய் போட்டு, நல்ல குழம்பு. எனக்கு நாக்கில் ஊறியது. அம்மா களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு மோந்து பார்த்தாள்.

"யாரு வூட்டுல விருந்து?" என்றேன்.

"விருந்து இல்ல. கழிசலு வந்துட்ச்சி" என்றாள் அம்மா.

வெயில் ஏறும்போது வருகிற கோழி நோய். வெள்ளையாகக் கழியும், இறக்கை தொங்கும், அப்புறம் கழுத்து திருகிக்கொள்ளும். "கழுத்து திரும்பினா காலம் திரும்பாது" என்று ஒரு சொல். தலை தொங்க ஆரம்பித்ததும் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். செத்த பிறகு அறுக்க மனசு வராது. அதனால் நோய் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லும்.

அன்று மேலத் தெரு. மறுநாள் கிணற்றடி வீடு. அப்புறம் புளியமரத்து வீடு. எங்கள் வீட்டை நோக்கி அந்த வாசனை வீடு வீடாக நடந்து வந்தது. வருஷம் முழுக்கக் கறிக்கு ஏங்குகிற பிள்ளைகள், அந்த வாரம் கறிச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு அழுதார்கள். இன்றைக்கும் எங்காவது கல்யாண வீட்டில் கோழி கொதிக்கும்போது எனக்கு முதலில் வயிறு பசிக்காது, முதுகு சில்லிடும்.

அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஒவ்வொரு கோழியின் வாயிலும் தள்ளினாள். கூண்டில் வேப்பிலைப் புகை போட்டாள். சேவலுக்கு மட்டும் இரண்டு உருண்டை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த என் வாயிலும் ஒன்றைத் தள்ளினாள். கசப்பும் காரமுமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் எனக்கும் என்று நான் கேட்கவில்லை.

கூடைக்குள் விடிந்தது

அந்தச் சமயத்தில்தான் மாட்டாஸ்பத்திரிக்காரர் சைக்கிளில் வந்தார். உத்திரமேரூரிலிருந்து, கேரியரில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பிளாஸ்க். பிளாஸ்க்குக்குள் ஐஸ், ஐஸுக்குள் மருந்து. கோழிகளுக்கு ஊசி போட்டால் கழிசல் வராது என்றார். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் கோழியை ஒளித்து வைக்கப் போனார்கள்.

"மன்சனுக்கே ஊசி போட ஆளில்ல, கோழிக்குப் போடறானாம்" என்றாள் தேசம்மா அத்தை. "அது இன்னா கோழியா, கலெக்டர் பொண்டாட்டியா?"

நைனாவுக்கு ஊசியில் நம்பிக்கை. அவர் ஓட்டுகிற மாடுகளுக்குப் போட்டுப் பிழைத்ததைப் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு மற்றக் கோழிகளைப் பற்றிக் கவலையில்லை. "அதுங்களுக்குக் குத்திக்கோ. சேவல தொடக் கூடாது" என்றாள்.

"ஏன்?" என்றார் ஊசி போட வந்தவர்.

"சாமிப் பொருளு. ஊசி குத்துனா மூளி."

"செத்த சேவல மட்டும் சாமி வாங்கிக்குமா?" என்றார் நைனா.

"சாவாது."

"நீ சொன்னா சாவாதா?"

அம்மா சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூலையில் நெல் அள்ளுகிற பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் சேவலை விட்டு, மேலே கோணிப்பையைப் போட்டு மூடினாள். என்னைக் கூடையின் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இருட்டுல இருந்தா ராத்திரின்னு நெனச்சிக்கினு கம்முனு கெடக்கும். நீ ஒண்ணியும் பேசாத."

வெளியே கோழிகள் ஒவ்வொன்றாகக் கத்துகிற சத்தம் கேட்டது. மொட்டைக்கழுத்தின் கத்தல், கொண்டைச்சியின் கத்தல், எனக்கு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கூடைக்குள் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. முதலில் நகம் கீறுகிற சத்தம் இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

நான் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. கோணிக்குள் காற்றுப் போகுமா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவில்லை. உள்ளே அது மூச்சு முட்டிக் கிடக்கிறது, அதனால்தான் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது என்று தோன்றிவிட்டது. கை நடுங்க, கோணியின் ஒரு மூலையைத் தூக்கினேன், அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க.

கதவு வழியாக வந்த வெயில் கூடையின் இடுக்கில் இறங்கியது.

சேவல் விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரிக் கூவியது.

வெளியே எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு அந்த ஊசிக்காரரின் குரல்: "ஏம்மா, உங்க வீட்டுக்குள்ள மட்டும் இப்பத்தான் பொழுது விடியுதா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா உள்ளே வந்து கூடையைத் தூக்கினார். அம்மா தடுக்கவில்லை. என்னையும் திட்டவில்லை. அவள் பார்வை மட்டும் என் கையில் இருந்த கோணி மூலையில் கொஞ்ச நேரம் நின்றது.

"எங்க குத்துவீங்க?" என்று ஊசிக்காரரிடம் கேட்டாள்.

"றெக்கைக்கு அடியில."

"தழும்பு தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"சாமிக்குத் தெரியும்" என்றாள் அம்மா. ஆனால் இறக்கையை விரித்துப் பிடித்தது அவள்தான். வேறு யார் பிடித்தாலும் இறகு முறிந்துவிடும் என்று.

ஊசிக்காரர் போகும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ் துண்டு கொடுத்தார். என் கையில் இருந்தது கரைந்து முழங்கை வரை ஒழுகியது. நான் வாயில் போடவில்லை.

தொங்கின இறக்கை

ஊசி போட்ட கோழிகள் சில நாள் சோர்ந்துதான் இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் சொல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சேவல் குப்பைமேட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்று கண்ணை மூடி மூடித் திறந்தது. ஊசி போட்ட பக்கத்து இறக்கை கொஞ்சம் தொங்கியது. நான் கையில் ஏந்திய நொய்யைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எனக்கும் சோறு இறங்கவில்லை. அது தின்னாததால் எனக்குப் பசிக்கவில்லையா, அல்லது எனக்குப் பசிக்காததைப் பார்த்து அம்மா பயந்ததால் நான் இன்னும் பயந்தேனா, தெரியாது. அம்மா நைனாவிடம் பேசுவதை நிறுத்தினாள். நைனா மனசுக்குள் நொந்துகொண்டு வாசலில் குந்தி, சேவலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தடவை என்னிடம் வந்து, "ஒண்ணும் ஆவாது கண்ணு, ஊசி போட்டா மாடு கூட ரெண்டு நாளு இப்படித்தான்" என்றார். குரலில் அழுத்தமே இல்லை.

இதற்கு நடுவில் சாம்பல் பெட்டைக்குக் கழுத்து திருகிவிட்டது. ஊசி போட்ட கோழிதான். அம்மா அதை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்தும் அந்த வாசனை கிளம்பியது.

தேசம்மா அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவள், என்னைப் பார்த்துவிட்டு, "கஞ்சி குடிச்சியாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கேலி செய்கிறவர்கள் கேலியை நிறுத்திவிட்டால் காரியம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

அவள் வீட்டுக் கோழிகளும் அந்த வாரமே போயின, ஊசி போடாதவை. ஆனால் ஒற்றைக் கண் கிழட்டுக் கோழி ஒன்று மட்டும் ஒன்றுமே நடக்காதது போல உலாத்திக்கொண்டிருந்தது. ஆகவே ஊசி நல்லதா கெட்டதா என்ற வழக்கு எங்கள் தெருவில் தீரவேயில்லை.

பிறகு ஒரு காலையில் சேவல் தானாகக் குப்பைமேட்டுக்கு நடந்தது. ஒரு புழுவைக் கிளறிப் பெட்டைகளைக் கூப்பிட்டது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "நாஷ்டா துன்னியா?" என்று நைனாவைக் கேட்டாள். அவர்களுக்குள் பேச்சு திரும்பியது அப்படித்தான். ஆனால் அவள் முகம் இளகவில்லை. பிழைத்தது சரி, சாமி வாங்க வேண்டுமே.

மஞ்சள் தண்ணீர்

சித்திரைப் பொங்கல் அன்று ஏரிக்கரை வேப்பமரத்தடியில், பொன்னியம்மன் கல்லின் முன்னால் தெருவே கூடியிருந்தது. பானைகள் பொங்கி வழிந்து, அடுப்புச் சாம்பலில் பால் கருகும் வாசனை. சேவலை என் கையில் கொடுத்தார்கள். என் பேருக்கு விட்டது, ஆகவே நான்தான் பிடிக்க வேண்டும்.

முந்தின நாள்வரை நான் யோசிக்காத ஒன்றை அந்த நடையில் யோசித்தேன். இத்தனை நாளும் இது சாகக் கூடாது, சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டது எதற்காக? அறுப்பதற்காக. என் உயிர் இதற்குள் இருக்கிறது என்றால், இதன் கழுத்தில் கத்தி இறங்கும்போது என் உயிர் எங்கே போகும்? யாரிடம் கேட்பது? எல்லோரும் புதுத்துணி கட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சேவலின் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்தது. என் நெஞ்சும் அதே வேகத்தில் அடித்தது. நான் அதை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. காவு கொடுக்கிற உயிரின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிலுப்பாவிட்டால் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

பூசாரி வேப்பிலைக் கொத்தால் தெளித்தார். சேவல் கண்ணைச் சிமிட்டியது. சிலுப்பவில்லை.

மறுபடியும் தெளித்தார். உடுக்கை அடித்தவன் வேகத்தைக் கூட்டினான். சேவல் அப்படியே இருந்தது.

"ஊசி குத்துனதாச்சே" என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"இன்னாம்மா கொற வெச்சீங்க?" என்றார் பூசாரி. கோபமாக இல்லை. உடம்பு சரியில்லாதவரிடம் கேட்கிற மாதிரி.

அம்மா முன்னால் வந்து கை குவித்தாள். "ஊசி போட்டுட்டோம் தாயே. கழிசலு வந்துட்ச்சின்னு போட்டோம். றெக்கையப் புடிச்சது நாந்தான். எங் கையத் துண்டிச்சிக்கோ. பொண்ண ஒண்ணியும் பண்ணாத."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொம்பில் மீதி இருந்த தண்ணீரை மொத்தமாகச் சேவலின் தலையில் ஊற்றினார். பாதித் தண்ணீர் என் தலையில் விழுந்து, கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. ஏரிக் காற்று அடித்தது.

நான் சிலுப்பினேன். தலையிலிருந்து கால்வரை, பல் கிட்டிக்கொள்ள.

உடுக்கை நின்றது. யாரோ ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுல்ல சிலுப்புச்சி."

அடுப்பில் பொங்கல் கொதிக்கிற சத்தம் மட்டும். அம்மா என்மேல் பாய்ந்தாள். என் இரண்டு கையையும் பிரித்து இழுத்து என்னைத் தன் இடுப்போடு சேர்த்து மறைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சந்தையில் பேரம் முறிகிறபோது பேசுகிற மாதிரி, வேகமாக, தெளிவாக.

"இது இல்ல தாயே. நான் சொன்னது இது இல்ல. சேவலுன்னுதான் சொன்னேன். தேசம்மா கூட இருந்தா, கேட்டுக்கோ. சேவலுதான். பேச்சு மாறக் கூடாது."

"ஆமாந் தாயே, சேவலுன்னுதான் சொன்னா. நானே சாட்சி" என்று தேசம்மா அத்தை கூட்டத்துக்குள்ளிருந்து அழுதுகொண்டே கத்தினாள்.

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் என் கையிலிருந்து நழுவித் தரையில் நின்ற சேவல், இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, கொண்டையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறித்தது.

"குடுத்துட்டா, உத்தரவு குடுத்துட்டா" என்றார் பூசாரி. பெண்கள் குலவையிட்டார்கள்.

நைனா பிறகு பல வருஷம் இதைச் சொல்லிச் சிரிப்பார். "இவ அந்தப் பிடி புடிச்சிக்கினு இருந்தா அது எங்க சிலுப்பும்? வுட்டாதான சிலுப்பும்." அன்று அவர் சிரிக்கவில்லை.

சேவல் ஓடவும் இல்லை. தினமும் என் கையால் தின்று பழகியது. நேராக என் காலடிக்கு வந்து, என் கையை அண்ணாந்து பார்த்தது. பூசாரி குனிந்து அங்கேயே அதை எடுத்துக்கொண்டார்.

நான் கண்ணை மூடி, இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டது. காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் காத்திருந்தேன்.

"இன்னாடி கழுத்தப் புடிச்சிக்கினு நிக்கிற? வா, பொங்க துன்னலாம்" என்று யாரோ என்னை இழுத்தார்கள்.

அங்கேயே சமைத்தார்கள். ஈரல் எனக்கு, யார் பேருக்கு விட்டதோ அவர்களுக்குத்தான் ஈரல். தின்றேன். பொய் சொல்ல மாட்டேன், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கும்போது ஒரு கேள்வி என்னோடு படுத்தது. என் உயிர் அதற்குள் இருந்தது. அது போய்விட்டது. அப்படியானால் இப்போது நான் எதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்?

விடியல்

மறுநாள் எங்கள் வீட்டில் கூவ ஆள் இல்லை. தூரத்தில் எங்கோ ஒரு சேவல் கூவியது. ஆனால் நான் விழித்தது அதனால் இல்லை. மூக்கின் கீழே ஏதோ படுவது போல இருந்தது. மஞ்சள் வாடை.

கண்ணைத் திறந்தேன். அம்மா என் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவளுடைய சுட்டுவிரல் என் மூக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது, தொட்டும் தொடாமல். கோணி மூலையைத் தூக்கினபோது என் கை எப்படி நடுங்கியதோ அப்படி அந்த விரல் நடுங்கியது.

நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவள் விரலை மடக்கி, என் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ துடைப்பது போலத் துடைத்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை.

"எந்திரி" என்றாள். "போய் கோழியத் தொறந்து வுடு."

போனேன். கல்லை நகர்த்திப் பலகையை எடுத்தேன். மொட்டைக்கழுத்து வந்தது. கொண்டைச்சி வந்தது. இளசுகள் வந்தன. உடம்பை உதறிக்கொண்டு எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. இனி வர ஒன்றுமில்லை என்று தெரிந்தும் குந்தி, தலையை உள்ளே விட்டு, ஒரு தடவை மூலையைப் பார்த்தேன்.

தலையை வெளியே எடுத்தபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் முழுசாக நிமிர்ந்து நிற்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.